கஸ்தூரி நிறுத்திய மாத்திரை

போன திங்கட்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, ஓடுகிற பஸ்ஸில், நாற்பது பெண்களுக்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, "நான் எழுதினது தப்புங்க" என்று சொன்னேன்.

இருபது வருடமாகப் பத்தி எழுதுகிறவன் நான். தப்பை ஒப்புக்கொள்வது எனக்குப் பழக்கமில்லாத காரியம். அச்சுப்பிழை என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். ஆசிரியர் வெட்டிவிட்டார் என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். இந்தத் தடவை இரண்டுமே எடுபடாது. ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு போன் வந்தது.

"சார், நான் மல்லிகா பேசறேன். ஊத்துக்கோட்டை. கும்டிபூண்டில காருக்கு ஒயர் கட்ற கம்பெனில வேலை. உங்க பத்தி வர்ற அன்னிக்கு எங்க கம்பெனி பஸ்ல நான்தான் சத்தமா படிப்பேன். பஸ்ஸு மொத்தமும் கேட்டுக்கினு வரும் சார்!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடுகிற பஸ்ஸில் ரசிகர் மன்றம் எத்தனை எழுத்தாளருக்கு வாய்க்கும்? என் மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்படியா?" என்று கேட்டுவிட்டுக் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் என் பத்தியைப் படிப்பதில்லை. அதனால்தான் ஆரோக்கியமாக இருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது.

"ஒரு நாளு நீங்க எங்க கூட வரணும் சார். உங்களால எங்க பஸ்ஸே மாறிப்போச்சு. வந்து பாருங்க" என்றார் மல்லிகா.

விடுவேனா? திருவள்ளூரில் விடிகாலை முதல் பஸ்ஸைப் பிடித்து ஊத்துக்கோட்டை போய் இறங்கினேன். சலவைச் சட்டை. பாக்கெட்டில் பேனா, யாராவது கையெழுத்துக் கேட்டால்...

பஸ் கிளம்பியது. நாஷ்டா டப்பாக்களை மூடி வைத்தார்கள். கடைசி சீட்டிலிருந்து இரண்டு பெரிய பிளாஸ்க்குகள் கைமாறி முன்னே வந்தன. நாலு டம்ளர். பஸ் முழுக்க அந்த நாலு டம்ளர்தான் சுற்றும். அண்ணாந்து குடிக்கலாம் என்றால் ரோடு அப்படி. மூக்கில் ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை சார். சீந்தில் கஷாயம். எங்க தெரு முறை" என்றார் மல்லிகா. நாற்பதைத் தொட்ட, குரல் ஓங்கிய பெண்மணி. பஸ் அவர் சொன்னதைத்தான் கேட்கும், டிரைவர் உட்பட. "திங்க நிலவேம்பு. செவ்வாய் இஞ்சி மிளகு. புதன் துளசி. தெருவுக்கு ஒரு நாளு. ஒருத்தரும் வேணான்னு சொல்லக் கூடாது. சொன்னா அவங்க கூட ஒரு வாரம் பேச மாட்டோம்."

எல்லாம் போன மழைக்காலத்தில் நான் எழுதிய பத்தியின் விளைவு. ஊரெல்லாம் காய்ச்சல் பரவிய நேரம். உடம்பின் எதிர்ப்பு சக்தியை ஏற்றிக்கொள்ளச் சொல்லி எழுதியிருந்தேன். எழுத்து ஓடிக்கொண்டிருந்த வேகத்தில், "மாத்திரை டப்பாவைத் தூக்கிக் கடாசுங்கள், அடுப்பில் கஷாயச் சட்டியை ஏற்றுங்கள்" என்று ஒரு வரி. வாசகர் கடிதங்கள் குவிந்தன. பலரும் பாராட்டியது அந்த வரியைத்தான்.

மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் ஒரு பெண். முப்பத்து நாலு, முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் கஸ்தூரி என்றார்கள். கண்ணுக்குக் கீழே கொஞ்சம் உப்பல். மூக்கின் இரண்டு பக்கமும் கன்னம் சிவந்திருந்தது. நான் பெரிய மனுஷன் தோரணையில், "நல்லா பூசினாப்ல இருக்கீங்களேம்மா! கஷாயம் வேலை செய்யுது போலிருக்கே" என்றேன்.

பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார்.

இதை எழுதும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. அப்போது கூசவில்லை.

கம்பெனி கேட்டில் எல்லோரும் இறங்கி, அட்டையைக் காட்டிவிட்டு வரிசையாக உள்ளே போனார்கள். கஸ்தூரி மட்டும் பின்தங்கினார்.

"சார், ஒரு நிமிசம். கேக்கலாமா கூடாதான்னு தெரியல."

"கேளும்மா."

குனிந்து சுடிதாரைக் கணுக்கால் வரை தூக்கி, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு எடுத்தார். பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி குழி விழுந்தது. விழுந்த குழி அப்படியே நின்றது.

"பத்து நாளா இப்பிடித்தான் சார் கீது. ஒண்ணுக்குப் போனா நுரை நுரையா வருது. நீங்க எழுதுனத கேட்டுத்தான் மாத்திரைய நிறுத்தினேன். நாலு மாசமா கஷாயம் ஒரு நாள் விடல. இன்னும் எவ்ளோ நாளு குடிச்சா சரியாவும் சார்?"

"எந்த மாத்திரை?" என்றேன்.

சொன்னார். மூன்று வருடத்துக்கு முன் விரல் மூட்டெல்லாம் வீங்கி, முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகிச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். லூபஸ் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். நாலைந்து மாதத்தில் விரல் மடங்க ஆரம்பித்து, மறுபடி வேலைக்கும் வந்துவிட்டார். அப்புறம் ஒரு நாள் மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது எதிர்ப்பு சக்தியைக் கொறைக்கிற மாத்திரையாச்சே" என்றாராம். கஸ்தூரி அதைப் பஸ்ஸில் சொல்ல, அந்த வாரம் பார்த்து என் பத்தி வர...

"மல்லிகாக்கா ரொம்ப பேஜாராய்ட்டாங்க சார். 'ஊரு ஒலகமே சக்திய ஏத்திக்கினு கீது, நீ துட்டு குடுத்து எறக்கிக்கினு கீறியாடி'ன்னு கேட்டாங்க. எனக்கும் சரின்னுதான் பட்டுது. ஏரிக்கரை வந்தப்போ மாத்திரைய அட்டையோட ஜன்னல் வழியா வீசிட்டேன். அல்லாரும் கை தட்னாங்க."

கை தட்டியவர்கள் எல்லோரும் அவர்மேல் உயிரையே வைத்திருக்கிறவர்கள். முடி கொட்டியபோது கேலி செய்த ஒருத்தனைப் பஸ் ஸ்டாண்டில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியவர்கள். அந்த நாற்பது பேரில் ஒருத்தருக்குக்கூடக் கெட்ட எண்ணம் இல்லை. எனக்கும் இல்லை. அதனால் என்ன? அவருடைய கணுக்காலில் குழி இன்னும் அப்படியே இருந்தது.

"இன்னிக்கே போகணும்மா" என்றேன். "லீவு கெடைக்காது சார்" என்றார். மறுநாள், கணவருடன் அவர் வர, நானும் போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொண்டேன்.

டாக்டர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டிருந்தார். பழைய சீட்டைப் பார்த்தார், காலைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார். முகம் மாறியது.

"மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?"

கஸ்தூரி என் பக்கம் திரும்பவே இல்லை. "நானாத்தான் மேடம் நிறுத்திட்டேன்" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு மூச்சு விடும் நேரம் பேசாமலும் இருந்தேன். அப்புறம்தான் வாய் வந்தது. "நான்தான் டாக்டர்."

"நீங்க யாரு?"

"எழுத்தாளர். பத்தி எழுதறேன்."

"ஓ... எந்த மெடிக்கல் காலேஜ்?"

சுருக்கென்றது. வாங்கிக்கொண்டேன்.

திட்டி முடித்தபின் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து விளக்கினார். வரிசையில் அத்தனை பேர் காத்திருந்தும் விளக்கினார். அன்று நான் கேட்டுக்கொண்டதில் பாதியைக்கூடத் தெரிந்துகொள்ளாமலேதான் இருபது வருடமாக எதிர்ப்பு சக்தி, எதிர்ப்பு சக்தி என்று எழுதித் தள்ளியிருக்கிறேன்.

கிருமி உள்ளே வந்தால் காய்ச்சல் அடிக்கிறது. கிருமிதான் சூடேற்றுகிறது என்று நினைக்கிறோம் இல்லையா? கிடையாது. அடுப்பைப் பற்ற வைப்பது நம் உடம்புதான். சூட்டில் கிருமிக்குக் கஷ்டம், அதை எதிர்க்கும் வெள்ளணுக்களுக்கு வசதி. சளி, வீக்கம், புண்ணில் வரும் சீழ் எல்லாம் நம் ஆட்கள் வேலை செய்த தடம். சீழில் பெரும்பகுதி சண்டை போட்டுச் செத்த வெள்ளணுக்களாம். நாம் முகம் சுளித்துத் துடைத்து எறிகிறோம்.

ஒரு முறை பார்த்த கிருமியைப் பலசமயம் மறப்பதுமில்லை. தடுப்பூசி என்பது அந்த ஞாபகத்தை நோய் வராமலே உண்டாக்கிக் கொடுப்பதுதான்.

எல்லாம் சரி. எது அன்னியம், எது சொந்தம் என்று அந்த அணுக்களுக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பயிற்சி இருக்கிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சின்ன உறுப்பு. வெள்ளணுக்களில் ஒரு வகைக்கு அங்கே பரீட்சை. சொந்த உடம்பைக் கண்டு முறைக்கிற அணுக்களில் பெரும்பாலானவற்றை அங்கேயே தீர்த்துக்கட்டிவிடுமாம். பாஸ் செய்தால்தான் வெளியே. ஆனால் எந்தப் பரீட்சையில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது? சில தப்பித்து வந்துவிடும். அவற்றை அடக்கி வைப்பதற்கென்றே வேறு சில அணுக்கள் இருக்கின்றன. அவையும் கோட்டை விட்டால்தான் வினை. மூட்டைத் தாக்கினால் ஒரு நோய். தைராய்டைத் தாக்கினால் இன்னொன்று. சின்னப் பிள்ளைகளுக்கு வரும் ஒரு வகைச் சர்க்கரை நோய்கூட இப்படித்தானாம். லூபஸ் எங்கே வேண்டுமானாலும் கை வைக்கும். கஸ்தூரிக்கு இப்போது சிறுநீரகத்தில்.

"இது ஏன் எனக்கு வந்துது மேடம்? நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்று கேட்டார் கஸ்தூரி.

"நீ ஒரு தப்பும் பண்ணலை. பொம்பளைங்களுக்குத்தான் அதிகம் வருது. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியலை. தெரியாததைத் தெரியாதுன்னுதான் சொல்லணும்" என்றார் டாக்டர். கடைசி வாக்கியத்தின்போது என்னைப் பார்த்தார்.

"சக்தியை ஏத்தினா நல்லதுதானே டாக்டர்?" என்று அப்போதும் நான் விடவில்லை. புத்தி போகுமா?

"சார், இது சக்தி குறைஞ்சு வந்த நோய் இல்லை. இருக்கிற சக்தி தப்பான ஆள்மேல பாயற நோய். அதைப் போய் இன்னும் ஏத்துன்னா?"

கஸ்தூரி சட்டென்று நிமிர்ந்தார். "எங்க கேட்டுல புதுசா ஒரு செக்யூரிட்டி வந்தான் மேடம். பதினோரு வருசமா அதே வாசல்ல போறேன், என்னைய நிறுத்தி வச்சி அட்டை கேட்டு ரகளை பண்ணிட்டான். அவனுக்கு இன்னும் நாலு லத்தி குடுத்தா மாதிரியா?"

டாக்டர் அன்று முதல்முறையாகச் சிரித்தார். "அதேதான். அவனைக் கொஞ்சம் உக்கார வைக்கிறதுதான் உன் மாத்திரை. உக்கார வச்சா வேற தொந்தரவு வரலாம், அதனாலதான் அடிக்கடி வந்து ரத்தம் குடுத்துப் பாக்கச் சொல்றோம்."

கஷாயத்தால் வந்த வினையா என்று நானே கேட்டுவிட்டேன். "நோய் கஷாயத்தால வரலை. மாத்திரையை நிறுத்தினதாலதான் முக்கியமா திரும்பியிருக்கு. ஆனா சீந்தில் மாதிரி எதிர்ப்பு சக்தியைத் தூண்டும்னு சொல்ற எதையும் இவங்க எங்களைக் கேக்காமத் தொடக் கூடாது" என்றார்.

அப்புறம் கஸ்தூரி அந்தக் கேள்வியைக் கேட்டார். கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "என் பொண்ணு ஒம்பதாவது படிக்குது மேடம். என்னைய மிஷின்ல போட்டு ரத்தம் சுத்தம் பண்ற அளவுக்குப் போய்டுமா?"

"சிறுநீரகத்துல துளியூண்டு சதை எடுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்."

எடுத்துப் பார்த்தார்கள். வடிகட்டுகிற இடமெல்லாம் அழற்சி. கொஞ்சம் இடம் தழும்பாகவே ஆகிவிட்டது, அது திரும்ப வராது. மீதியைக் காப்பாற்றப் பார்க்கலாம், உத்தரவாதம் தர முடியாது என்றார் டாக்டர். ஊசி, மாத்திரை எல்லாம் முதலிலிருந்து, முன்னைவிட அதிக அளவில். மாத்திரை போட்டதில் முகம் இன்னும் உப்பிவிட்டது. இப்போது யாராவது "பூசினாப்ல" என்று சொன்னால் அவர் கணவர் அடிக்கவே வந்துவிடுவார். அடிக்கட்டும்.

வார்டில் போய்ப் பார்த்தபோது மன்னிப்புக் கேட்டேன்.

"அய்ய, வுடுங்க சார்" என்றார். "ஆனா ஒண்ணு. பஸ்ல போயி சொல்லுங்க. என் பேரச் சொல்லியே சொல்லுங்க. நான் சொன்னா மல்லிகாக்கா நம்ப மாட்டாங்க, டாக்டருங்க பயமுறுத்தறாங்கன்னுவாங்க. உங்க எழுத்துன்னா நம்புவாங்க."

என்னை நம்பி உடம்பைக் கெடுத்துக்கொண்டவர், மற்றவர்கள் கெடாமல் இருக்கவும் என்னைத்தான் நம்புகிறார். இந்தத் தண்டனைக்கு என்ன பெயர் வைப்பது?

அப்படித்தான் போன திங்கட்கிழமை மறுபடி அந்தப் பஸ்ஸில் ஏறினேன். பிளாஸ்க் வெளியே வருவதற்குள் எழுந்து நின்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், கஸ்தூரியின் சிறுநீரகத்தில் திரும்பி வராத பகுதியையும் சேர்த்து.

மல்லிகா எழுந்தார்.

"அப்போ நீங்க தெரியாமயா சார் எழுதுனீங்க?"

"ஆமாம்மா. தெரியாமத்தான்."

"டாக்டர் யாரையாச்சும் கேட்டீங்களா?"

"இல்லை."

"யாரையுமே கேக்கலயா?"

"யாரையும் கேக்கலை. எழுத நல்லா வந்தது. எழுதிட்டேன்."

இதைவிடக் கேவலமாக ஒரு எழுத்தாளன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் அதுதான் நிஜம். நன்றாக வந்ததால் எழுதினேன். நன்றாக இருந்ததால் மல்லிகா படித்தார். நன்றாகப் படித்ததால் எல்லோரும் கை தட்டினார்கள்.

மல்லிகா அப்படியே சீட்டில் உட்கார்ந்தார். "அவ பையிலேர்ந்து மாத்திரை அட்டையப் புடுங்கி அவ கையில குடுத்து, வீசுடின்னு சொன்னதே நான்தான் சார்..." என்று சொல்லிவிட்டுத் துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அந்த ஓங்கிய குரல் அழும்போது இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். எனக்கு யாரும் தடவிக்கொடுக்கவில்லை. நியாயம்தான்.

இறங்குகிற நேரத்தில் பின் சீட்டிலிருந்து ஒரு பெண் என்னிடம் வந்து, யாருக்கும் கேட்காமல், "சார், நான் தைராய்டு மாத்திரைய நிறுத்திக்கினேன். அதுவும் தப்பா?" என்றார். அன்றே டாக்டரைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். போனாரா என்று மல்லிகாவிடம் போனில் கேட்டேன். "நானே இஸ்த்துக்கினு போனேன் சார்" என்றார்.

யோசித்துப் பார்க்கிறேன். உடம்பு தன்னைக் காக்கிற வேகத்தில் தன்னையே கடித்துக்கொள்கிறது. அந்தப் பஸ் கஸ்தூரியைக் காக்கிற வேகத்தில் அவர் மருந்தை ஏரியில் வீசியது. ஊரைக் காக்கிற வேகத்தில் நான் ஒரு வரி எழுதினேன். வேகத்துக்குக் குறைச்சலே இல்லை நம்மிடம். ஒரு நிமிடம் நின்று, இது யாருடைய உடம்பு, இவருக்கு என்ன நோய் என்று கேட்கிற பழக்கம்தான் கம்மி. நம் உடம்புக்குள்ளேயே அடக்கி வைக்கிற அணுக்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறதே, எனக்கென்னவோ அந்தக் கூட்டத்தின்மேல் இப்போது தனி மரியாதை வந்துவிட்டது.

இந்தப் பத்தியை அனுப்புவதற்கு முன் அந்த டாக்டரிடம் கொண்டுபோய்ப் படிக்கக் கொடுத்தேன். இருபது வருடத்தில் முதல்முறை. சிவப்புப் பேனாவை எடுத்து நாலு இடத்தில் அடித்தார். மூன்று, மருத்துவ விளக்கங்கள். "படிக்க நல்லா இருக்கு சார், ஆனா உண்மை இல்லை" என்றார். மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டேன்.

நாலாவது, பத்தியின் கடைசி வரி. 'கஸ்தூரி இப்போது பூரண நலம்' என்று முடித்திருந்தேன். அதை அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதியிருந்தார்: "இன்னும் இல்லை."